மலையில் உழைப்பவருக்கும் கடல் வேண்டும்

மூணாறைக் கடந்து போகும் பெருஞ்சாலையைக் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்றே உள்ளூரில் இன்னும் சொல்கிறார்கள். பழைய கணக்கில் அது தேசிய நெடுஞ்சாலை 49. இன்று 85 என்ற எண்ணோடு கொச்சியில் கிளம்பி, மதுரை வழியாகத் தொண்டியில் போய் முடிகிறது. தனுஷ்கோடி ஆனாலும் தொண்டி ஆனாலும், ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிகிற சாலை அது. அதன் உச்சியில், இரண்டு கடலுக்கும் நடுவே, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்களுக்கும் ஏலக்காய் எடுப்பவர்களுக்கும் இந்தச் சாலையின் எந்த முனையும் எளிதில் எட்டுவதில்லை. கோயில் கும்பிடப் போனபோது ஒருமுறை கால் நனைத்தது, பள்ளிச் சுற்றுலாவில் பேருந்துச் சன்னல் வழியே பார்த்தது என்ற அளவில்தான் பலருக்கும் கடல் அறிமுகம்.

கடற்கரை விடுமுறையை எங்கே, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பத்திரிகைகளின் சுற்றுலாப் பக்கங்கள் ஓயாமல் எழுதுகின்றன. மாலத்தீவா, பாலியா, கோவளமா என்ற அந்தக் கேள்வி, வங்கிக் கணக்கில் மிச்சம் உள்ளவரை நோக்கிக் கேட்கப்படுவது. அதே கேள்வியைப் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் வண்டிப்பெரியாறிலும் கேட்டால் அதற்கு வேறு பொருள் வருகிறது. ஊதியத்தோடு கூடிய விடுப்பும், குடும்பத்தோடு இரண்டு இரவு கடலோரம் தங்கும் வசதியும் உழைப்பின் ஊதியத்தில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மலையைச் சுற்றுலாத் தலமாக்கி வருமானம் பார்க்கும் அரசுக்கும் நிறுவனங்களுக்கும், அந்த மலையில் உழைப்பவரைக் கடலுக்கு அனுப்பிவைக்கும் கடமை உண்டு.

கேரளத்தின் 14 மாவட்டங்களில் ஒன்பதுக்குக் கடற்கரை உண்டு. பாலக்காடும் இடுக்கியும் மற்ற ஐந்தில் சேர்ந்தவை. ஆனால், கடல் இந்த இரண்டையும் மறந்துவிடவில்லை. ஆனைமலைப் பக்கம் ஊற்றெடுத்துப் பாலக்காட்டை நனைத்துப் போகும் பாரதப்புழை பொன்னானியில் கடல் சேர்கிறது. இடுக்கியின் பெரியாறு கொச்சிக்கு வடக்கே அரபிக்கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து பொள்ளாச்சித் தென்னைகள் வரை ஆட்டிவிட்டுப் போகிறது. தண்ணீரும் காற்றும் கட்டணமில்லாமல் போய்வருகிற தூரம்தான். மனிதர்கள் போய்வருவதற்குத்தான் கூலி, விடுப்பு, வண்டி வாடகை, தங்குமிடம் என்று அத்தனை தடைகள்.

சமவெளிக்காரர்கள் குளிரைத் தேடி மூணாறுக்கு வருகிறார்கள். ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மழையில் நின்று, காலில் அட்டை ஏற, பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ குளிர் தினசரி வேலையின் ஒரு பகுதி. ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் உறைபனி விழும்போது அதிகாலையில் எழுந்து தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் அடுப்பு மூட்டுபவரும் அவர்தான். அவர் உடம்பு வெயிலுக்கு ஏங்குகிறது. சூடான மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, யாருக்கும் சமைக்காமல், யார் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் இருக்கும் இரண்டு நாள் அவருக்கு எந்த மருத்துவ முகாமும் தராத ஓய்வைத் தரும். தோட்டத்துப் பெண்களின் முதுகுவலி, தோள்வலி பற்றிப் பேசுகிற எவரும் ஓய்வைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

இந்த மலைக்கும் கடற்கரை விடுமுறைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1890களில் இங்கே கால்வைத்தது ஃபின்லே நிறுவனம். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. ஃபின்லேயின் தலைமையிடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அந்த நகரத்தின் ஆலைத் தொழிலாளர்களும் கப்பல் கட்டுவோரும் ஆண்டுதோறும் ஜூலையில் வரும் கிளாஸ்கோ ஃபேர் விடுமுறையில், கிளைட் நதியில் நீராவிப் படகேறி ராத்சே, டனூன் போன்ற கடலோர ஊர்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கினாலும் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேர் பிடித்த வழக்கம் அது. அவர்கள் கோப்பையில் ஊற்றிக் குடித்த தேநீரின் இலை எங்கெங்கிருந்தோ வந்தது. அதில் மூணாறுக் கொழுந்தும் இருந்திருக்கும். ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு முனையில் கிளாஸ்கோ, மறுமுனையில் மூணாறு. ஒரு முனைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கடல் வாய்த்தது.

தேயிலைக்கும் வாய்த்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் குறுகிய ரயில்பாதையாக மாறிய ரயில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிநாயக்கனூர் போய், பிறகு துறைமுகமும் கப்பலுமாகச் சீமைக்குப் போனது தேயிலை. 1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. தோட்டத்துத் துரைமார்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போய்வர நீண்ட விடுப்பு பெற்றார்கள். பெட்டியும் துரையும் கடல் கண்ட அந்தப் பாதையில், பெட்டியை நிறைத்தவர்கள் லயத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஐரோப்பியத் தொழிலாளிக்கும் கடல் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. 1936 கோடையில் பிரான்சில் ஆலை ஆலையாக வேலைநிறுத்தம் நடந்தது. மக்கள் முன்னணி அரசு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பைச் சட்டமாக்கியது. ஓய்வு, விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்த லியோ லாக்ராஞ்ஞ் ரயில் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகையோடு விடுமுறைச் சீட்டு ஏற்பாடு செய்தார். அந்த ஆகஸ்டில் வாழ்நாளில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தவர்கள் ஏராளம். அதே 1936இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஊதிய விடுப்புக்கென்று தனி உடன்படிக்கை இயற்றியது. பிரிட்டன் 1938இல் சட்டம் போட்டது. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பிரெஞ்சு ரயில் சீட்டுதான். விடுப்பு கொடுத்தால் போதாது, போய்வரும் வழியையும் அரசு திறந்துவிட வேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நம்மிடம் அந்த இரண்டாம் பாதி இன்றுவரை இல்லை.

முதல் பாதி உண்டு. இந்தியாவின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதிய விடுப்பு என்று வகுத்தது. ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தால் 12 நாள். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்துதர நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது. நடைமுறையில் அது டிவிஷன் என்னும் தோட்டப் பிரிவுக்கு ஒரு கிளப், ஒரு தொலைக்காட்சி, ஒரு பந்து மைதானம் என்ற அளவில் நின்றது. மூணாறின் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி அந்த மைதானங்களின் நல்ல பலன். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால், மைதானத்துக்குப் போனவர்கள் ஆண்கள். கொழுந்து பறிக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அவர்களுடைய பொழுது வேலை முடிந்ததும் விறகிலும் அடுப்பிலும் பிள்ளைகளிலும் கரைகிறது.

2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள்தான் மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்பது நாள் நடந்து, 20 சதவீத போனஸை வென்றது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500, அக்டோபரில் முடிவானது 301. ஒரு சுமாரான கடற்கரை விடுதியில் ஓர் இரவு வாடகை 4000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பழைய கூலியில் அது 17 நாள் உழைப்பு. புதிய கூலியில் 13 நாள். சுற்றுலாப் பக்கங்கள் 'சிக்கனம்' என்று பரிந்துரைக்கும் விடுதியின் கணக்கே இது. அந்த நாட்களில் சாலையில் சிக்கிய சுற்றுலாப் பயணிகளின் அவதியும் செய்தியானது. சாலையில் உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேர் தங்கள் வாழ்நாளில் ஒரு சுற்றுலா போயிருப்பார்கள் என்று கேட்பதற்கு அப்போது யாருக்கும் நேரமில்லை.

அவர்கள் கடலுக்கே போவதில்லை என்று சொன்னால் அது தவறு. தமிழர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது, கோயில். மூணாறுத் தோட்டங்களில் உள்ள குடும்பங்களில் பலவற்றுக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, ராமநாதபுரம் சீமைகள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேரை இழந்தபோது, அவர்களில் பலர் கயத்தாறுப் பக்கத்துக் குடும்பங்கள் என்று செய்தி வந்தது. கயத்தாறிலிருந்து திருச்செந்தூர்க் கடல் ஒரு காலைப் பயணம். கடலுக்கு அவ்வளவு அருகே இருந்த வேர்கள்தாம் வறட்சியாலும் பட்டினியாலும் பிடுங்கப்பட்டு மேகத்துக்குள் நடப்பட்டன. அதனால்தான் பிள்ளைக்கு முடியிறக்கவும் நேர்த்திக்கடன் தீர்க்கவும் திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அவர்கள் வேன் பிடிக்கிறார்கள். தோட்டத்தில் 'கோயிலுக்குப் போகிறேன்' என்று விடுப்பு கேட்டால் முகம் சுளிப்பவர் குறைவு. 'ஓய்வெடுக்கப் போகிறேன்' என்று ஒரு பெண் கேட்டால், அதை அவள் வீட்டாரே ஏற்கமாட்டார்கள்.

ஆகவே, இந்தப் பகுதித் தமிழரின் கடற்கரை விடுமுறை என்றால் நிஜத்தில் அது இப்படித்தான் நடக்கிறது: ராத்திரி வேனில் மடியில் பிள்ளைகளோடு தூங்கியும் தூங்காமலும் இறங்கி, விடியலில் கடலாடி, நாழிக்கிணற்றில் குளித்து, வரிசையில் நின்று சாமி பார்த்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, சிப்பி மாலையும் பனங்கற்கண்டும் வாங்கி, அன்று ராத்திரியே மலையேறிவிடுவது. மறுநாள் காலையில் மஸ்டர், அதாவது வேலைக்கான ஆள் கணக்கெடுப்பு. பக்தியும் களிப்பும் பிரிக்க முடியாமல் கலந்த இந்தப் பயணத்தை நான் மிக மதிக்கிறேன். அதில் குறைவது ஒன்றே ஒன்று, ஓர் இரவுத் தூக்கம். திருவிழாக் காலத்தில் அறை வாடகை ஏறிவிடுவதால் மண்டபத்திலும் வேன் இருக்கையிலும் இரவைக் கழிக்கிறார்கள். ஓய்வுக்காகப் போய் அதிகக் களைப்போடு திரும்பும் பயணம் எப்படி விடுமுறையாகும்?

பாலக்காட்டு எல்லையின் நிலைமை கொஞ்சம் மேல். சித்தூர் தாலுகாவின் வடகரைப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தென்னந்தோப்பிலும் முதலமடை மாந்தோப்பிலும் கஞ்சிக்கோட்டு ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ரயில் இருக்கிறது, சமதளச் சாலை இருக்கிறது. பாலக்காடு நகரிலிருந்து பொன்னானி, சாவக்காடு, தளிக்குளத்தின் சினேகதீரம் எல்லாம் சுமார் நூறு கிலோமீட்டரில். காலையில் போய் மாலையில் திரும்பலாம். திருநெல்வேலி வரை ஓடிய பாலருவி எக்ஸ்பிரஸ் 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி வரை நீண்டது. பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரைக்குப் போன அமிர்தா எக்ஸ்பிரஸ் 2025இல் ராமேஸ்வரம் வரை நீண்டது. இடுக்கியில் ரயிலே கிடையாது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்ததுதான் அந்த மலைக்குக் கிடைத்த ஒரே புதிய கதவு.

சரி, போவதென்று முடிவானால் எந்தக் கடலுக்கு, எப்போது? சுற்றுலாப் பக்கங்கள் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேரளத்தில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. மேற்குக் கடற்கரையில் கள்ளக்கடல் அடிக்கடி எழும் காலமும் அதுவே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இந்தக் கரையில் மோதுகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. அமைதியாகத் தெரிந்த கடல் சட்டென்று பொங்கும். 2024 மே 6 அன்று நாகர்கோவில் அருகே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படியொரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை விடுகிறது. அது மீனவர் கைப்பேசிக்குப் போகிறது, மலையிலிருந்து வரும் வேன் ஓட்டுநருக்குப் போவதில்லை.

அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் ஏதாவது ஒரு பள்ளம் வழியாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு அதுதான் சாதுவான இடம்போலத் தெரியும். ஆற்றிலும் அணைக்கட்டிலும் பழகிய மலைக்காரர் அந்த இடத்தைத்தான் தேடிப்போய் இறங்குவார். திரும்பும் தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்கவே கூடாது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் அன்று மணல் மட்டும்தான். உயிர்காப்பாளர் இல்லாத கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் குடும்பத்தோடு போகும் கரை அல்ல. கடலில் போடும் வேடிக்கைச் சாதனங்களிலும் எச்சரிக்கை வேண்டும்; 2024 மார்ச்சில் வர்க்கலையின் மிதவைப் பாலத்தில் அலை மோதிப் பலர் தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார்கள்.

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் மேற்குக் கரையில் குளிக்கப் போவது வீண். கோடையில்தான் போக முடியும் என்றால் என் யோசனை கிழக்கு: ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தக் கரையில் அலை தணிந்தே இருக்கும். அங்கிருந்து தனுஷ்கோடி போகலாம், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைப் பார்க்கலாம். ஆனால், அந்த முனையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேற்குக் கடலுக்கு உகந்த காலம் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அப்போது வைப்பின் தீவின் செறாயி, கொச்சிக்குத் தெற்கே மாராரி, 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோழிக்கோட்டின் காப்பாடு எல்லாம் குழந்தைகளோடு போகத் தக்கவை. மூணாறிலிருந்து செறாயி 140 கிலோமீட்டர் அளவுதான். மலைச்சாலை என்பதால் நான்கைந்து மணி நேரம் ஆகும்.

தங்குமிடத்தில் இன்னொரு நியாயம் இருக்கிறது. விடுதி கட்டியவர் கடற்கரையையும் சேர்த்து வேலி போட்டுவிடுவது இந்தியக் கரையெங்கும் நடக்கிறது. கரை எவருக்கும் சொந்தமில்லை. 1991இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே மக்கள் கடலுக்குப் போய்வரக் குறைந்தது 20 மீட்டர் அகலத்தில் வழி விட வேண்டும் என்றும், வேலி அந்த வழியை மறிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. விதியை மீறிய கட்டடங்கள் வீழ்ந்ததையும் கேரளம் பார்த்திருக்கிறது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி மரடுவில் நான்கு அடுக்குமாடிகள் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்தில் 54 மாளிகைகளோடு எழுந்த கேபிகோ ரிசார்ட்டுக்கு எதிராகவும் அதே ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இடிப்பு தொடங்க 2022 செப்டம்பர் ஆனது. அந்தக் காயலில் வலை கட்டிப் பிழைத்த மீனவர்கள் பல ஆண்டு நடத்திய வழக்கு அது.

மூணாறுக்காரருக்கு இந்தக் கதை புதிதில்லை. 2007இல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இயந்திரம் வைத்து இடித்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். தன் மலைச்சரிவில் ஒரு ரிசார்ட் முளைத்தால் ஓடைத் தண்ணீர் எங்கே போகும், நடைபாதை எப்படி மூடப்படும், வேலை யாருக்குக் கிடைக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவர், கடற்கரையில் தான் விருந்தாளியாகும்போது அதே கேள்விகளைக் கேட்க எல்லாரையும்விடத் தகுதி படைத்தவர். இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டடத் தடைப்பட்டை அறிவித்தார்கள்; மீனவர் குடிசைக்குத் தடை, விடுதிகளுக்கு விலக்கு. மாலத்தீவில் 1972இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து நெடுங்காலம் விருந்தாளிக்கு ஒரு தீவு, உள்ளூர்க்காரருக்கு வேறு தீவு என்றே வைத்திருந்தார்கள். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009–10 வாக்கில் வழிவிட்ட பிறகுதான் மாஃபூஷி போன்ற ஊர்களின் சாதாரணக் குடும்பங்களுக்குச் சுற்றுலாப் பணம் நேராகப் போய்ச் சேர்ந்தது. நம் தேர்வும் அந்தப் பக்கமாக இருக்கட்டும். மீனவக் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டே, காலையில் படகு அடையும் துறையில் வாங்கிய மீன், அந்த வீட்டம்மா வைத்த குழம்பு. செலவும் குறையும், லயத்தில் வாழ்பவரும் கடல்புரத்தில் வாழ்பவரும் ஒருவர் திண்ணையில் மற்றவர் உட்காரும் வாய்ப்பும் கிடைக்கும்.

ஆனாலும், தனிமனிதத் தேர்வால் மட்டும் இது நடக்காது. அரசிடம் கருவிகள் தயாராக இருக்கின்றன. கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்கள் 2021 நவம்பர் 1 முதல் பொதுமக்கள் இணையவழியில் பதிவு செய்யத் திறக்கப்பட்டன. முன்பு அதிகாரிகளும் அமைச்சர்களும் தங்கிய அறைகள் இன்று குறைந்த வாடகையில் யாருக்கும் கிடைக்கின்றன. கடலோர மாவட்டங்களில் உள்ள ஓய்வு இல்லங்களில் சில அறைகளைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஒதுக்க ஓர் அரசாணை போதும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பட்ஜெட் சுற்றுலாப் பிரிவு 2021இலிருந்து பணிமனை பணிமனையாகப் பயணங்கள் நடத்துகிறது. கொச்சிக்கு அழைத்துப்போய் நெஃபர்டிட்டி கப்பலில் கடலுக்குள் கூட்டிச் செல்லும் பயணமும் அதில் உண்டு. மூணாறுப் பணிமனையில் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக்கி நூறு ரூபாய்க்குப் பயணிகளைத் தங்கவைத்தவர்களும் இதே கழகத்தார்தான். மலைக்கு வருபவருக்காக அவ்வளவு யோசித்தவர்களால் மலையிலிருந்து போகிறவருக்காகவும் யோசிக்க முடியும். பேருந்துச் செலவைத் தோட்ட நிறுவனங்கள் ஏற்கட்டும். தன் பெயரிலேயே மலையை வைத்துத் தேயிலை விற்கும் நிறுவனத்துக்கு இது பெரிய தொகையாக இராது. விடுப்பு, தொழிலாளியுடைய 12 நாளிலிருந்து கழிக்கப்படாமல், தனியாக இரண்டு நாளாக வர வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கூலி ஒப்பந்தத்தில் இதை ஒரு கோரிக்கையாக எழுதட்டும். கூலி உயர்வுக்குப் பதிலாக இதை வாங்கிக்கொள்ளும் பேரம் மட்டும் கூடாது. கூலிக்கு மேலே இது.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினமும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்கும் பெண்கள் தோட்ட ஆள்பதிவேடான எந்தச் செக்ரோலிலும் நிரந்தரமாக இருப்பதில்லை. அவர்களை இந்தத் திட்டம் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு அரசு அவர்களைத் தன் நலவாரியங்கள் வழியாக ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ அனுப்பலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு இரண்டு ஊர்களிலும் விடுதிகள் உண்டு.

எப்போது என்பதற்கு நாட்காட்டியிலேயே விடை இருக்கிறது. தைப்பொங்கலுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடும் ஆறு மாவட்டங்களில் பாலக்காடும் இடுக்கியும் அடக்கம். ஜனவரி நடுவில் மூணாறில் பனி கடுமை, கொழுந்து வரத்து குறைவு; வேலைக்கு இரண்டு நாள் ஆள் குறைந்தாலும் தொழிற்சாலை நின்றுவிடாது. மேற்குக் கடல் ஆண்டிலேயே அமைதியாக இருக்கும் வாரங்களும் அவைதாம். காணும் பொங்கலன்று குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் போவது தமிழர் பழக்கம். அன்று மெரினா நிரம்பி வழிகிறது. அடுத்த தைக்கு முன்பாக இடுக்கி, பாலக்காடு மாவட்ட ஆட்சியர்கள் தோட்ட நிறுவனங்களையும் சங்கங்களையும் போக்குவரத்துக் கழகத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, முதல் பத்துப் பேருந்துகளுக்கு எந்தெந்த டிவிஷன், எந்தக் கரை, எந்த ஓய்வு இல்லம் என்று எழுதிவிட்டால், அந்தப் பொங்கலிலேயே தொடங்கலாம்.